பொட்டுக்கடலை மாவில் தூக்கிய பதினைந்து கிலோ

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் என்னை யாரும் வெறும் மிஞ்சோ என்று கூப்பிட்டதில்லை. பொட்டுக்கடலை மிஞ்சோ. ரொட்டிக் கடையில் அப்படித்தான், கலப்பையை ஒட்டவைக்கப் பட்டறைக்கு வருகிறவனும் அப்படித்தான். போன வருடம் வெளியூர்க்காரன் ஒருவன் இரும்புக் கதவு செய்யச் சொல்லி வந்தான். "பொட்டுக்கடலை ஐயா இருக்காருங்களா?" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான். அதுதான் எங்கள் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டான்.

இதற்கெல்லாம் காரணம் மருந்துக்கடை தஃபினா அக்கா. அவள் மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. போன நவம்பரில் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் ஆறவில்லை. அவளைப் பற்றி எழுது என்று எங்கள் எடைதூக்கும் கூடத்து ஆட்கள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் வகுப்போடு வெல்டிங் பட்டறைக்குப் போனவன் நான். எழுதுகிறேன். புகழ்ந்து மட்டும் எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஐந்தடி உயரம்கூட இருக்க மாட்டாள். வெள்ளை அங்கியின் பையில் ஒரு பூதக்கண்ணாடி, அது தொலையாமலிருக்க ஷூ கயிற்றால் கட்டியிருக்கும். பிளோவ்திவ் நகரத்தில் படித்துவிட்டு இருபத்து நாலு வயதில் எங்கள் பெஸ்கோவெட்ஸுக்கு வந்தவள். ரயில் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் இறந்த பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. ஊருக்கு அந்த ஒரு மருந்துக்கடைதான். டெலிவிஷனில் பார்த்தேன், மச்சான் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தான் என்று யாராவது ஒரு சத்து மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனால், நல்லது என்றும் சொல்ல மாட்டாள், கெட்டது என்றும் சொல்ல மாட்டாள். டப்பாவின் முன்பக்கத்தில் சிங்கமோ தசைபிடித்த ஆளோ இருக்கும். அதை அவள் பார்ப்பதே இல்லை.

"மூஞ்சியைக் காட்டாதே, முதுகைக் காட்டு" என்பாள்.

டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படிப்பாள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இதற்கு முன்னால் யார் சாப்பிட்டுப் பார்த்தார்கள், யார் சாப்பிடவே கூடாது. இந்த நாலு கேள்விதான். வரிசையில் பதினைந்து பேர் நின்றாலும் இந்த நாலு கேள்வி முடியாமல் அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டாள்.

"பன்னிரண்டு மூலிகைக் கலவைன்னு போட்டிருக்கான். எது எவ்வளவுன்னு போடலை. கல்யாணப் பத்திரிகை குடுத்துட்டுப் பொண்ணு பேரை விட்டுட்ட மாதிரி இருக்கு" என்று ஒருமுறை என் பெண்டாட்டி வாங்கிவந்த இளைக்கும் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாள்.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். ஒரே தடவைதான் சொன்னாள். அவள் கடைக்கு வந்த இரண்டாம் வருடம். உடம்பு இளைக்கும் தேயிலை என்று ஒரு பெட்டி. படம் அழகாக இருந்ததால் முன்வரிசையில் அடுக்கினாள். பள்ளிக்கூடத்து டீச்சர் வாங்கிக் குடித்தாள். ஆறாவது வாரம் கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் கெட்டுப் படுத்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள், இன்னும் இருக்கிறாள், எல்லோரையும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். "அன்னிக்கு அந்தப் பெட்டியோட முதுகை நான் படிக்கலைடா" என்றாள் அக்கா. அவ்வளவுதான். கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனி என் கதை. எங்கள் பக்கத்து மணலில் நெருஞ்சி தானாக முளைக்கும். பாட்டிப் பல் என்போம் அதை. சைக்கிள் டயருக்கு எமன். பல்கேரிய எடைதூக்கும் அணி உலகத்தையே மிரட்டிய காலத்தில் அவர்கள் தின்றது இந்த நெருஞ்சியைத்தான் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போது நாற்பது வயது. தோளில் ஏற்றித் தலைக்கு மேல் தள்ளுவதில் தொண்ணூற்றைந்து கிலோவிலேயே மூன்று வருடமாக நின்றுகொண்டிருந்தேன். ஊரெல்லாம் மிதிபடும் இந்த முள்ளை அரைத்துக் கேப்சூலில் அடைத்து, பெஸ்கோவெட்ஸ் என்ற பேரைப் போட்டு, தஃபினா அக்கா கடையின் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும். அதுதான் என் ஆசை. வெல்டிங் புகையில் வாழ்ந்து முடிக்கிறவனின் பேர் ஒரு டப்பாவின் மேல் இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை நான். நூறு ஓட்டை போட்ட கேப்சூல் அடைக்கும் பலகை ஒன்றும் வாங்கிவிட்டேன்.

முதல் டப்பாவைக் கொண்டுபோய் வைத்தேன். திருப்பினாள். முதுகில் ஒன்றும் இல்லை. நான் எழுதவில்லை.

"எங்க பறிச்சே?" என்றாள்.

"ஸ்டேஷன் பக்கம், பழைய தண்டவாளம் ஓரமா. அங்கதான் மண்டிக் கிடக்குக்கா."

"அங்க வருஷா வருஷம் களைக்கொல்லி அடிக்கறாங்க. அம்பது வருஷமா எண்ணெயும் கரியும் கொட்டியிருக்கு. என் புருஷனே கொட்டியிருக்கான். இதை நீ சாப்பிட்டியா?"

"ஒரு மாசமா சாப்பிடறேன். குதிரை மாதிரி இருக்கேன்."

"குதிரைக்கு ரத்தப் பரிசோதனை எழுதித் தரேன், போ."

ரத்தம் நன்றாக இருந்தது. மூலிகையைப் பிளோவ்திவுக்கு அனுப்பிச் சோதித்தாள். அதில் ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. இரண்டு மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தேன். குழி போதாது, இன்னும் ஆழமாகத் தோண்டு என்று பக்கத்தில் நின்று சொன்னதும் அவள்தான். அப்புறம் ஆற்றோர மணலில், யாரும் எதையும் தெளிக்காத இடமாகப் பார்த்துப் பறித்தேன். அது சுத்தம் என்று காகிதம் வந்தது.

"இப்ப வைப்பீங்களா அலமாரில?"

"விஷம் இல்லைன்னுதானே தெரிஞ்சிருக்கு. வேலை செய்யுதுன்னு எவன் சொன்னான்?"

"நம்ம அணி தங்கம் தங்கமா அள்ளுச்சே!"

"அவங்க தினம் ஆறு மணி நேரம் இரும்பு தூக்கினாங்க. அந்த ஆறு மணி நேரத்தையும் கேப்சூல்ல அடைச்சுக் குடுக்கறியா?"

"ஆராய்ச்சியெல்லாம் இருக்குதாம்."

"இருக்கு. நானும் படிச்சேன். பாதி எலி. உனக்கு வால் இருக்கா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். "சரி. நாமளே பாத்துடலாம். பத்து வாரம். உங்க கூடத்துல பாதிப் பேருக்கு நெருஞ்சி, பாதிப் பேருக்குப் பொட்டுக்கடலை மாவு. யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. நெருஞ்சி ஆட்கள் கூடுதலாத் தூக்கினா, கண்ணு மட்டத்துல நடு அலமாரியே உனக்கு. இல்லைன்னா வாயை மூடிட்டுப் போகணும்."

ஒப்புக்கொண்டேன். நான்தான் ஒப்புக்கொண்டேன், இல்லை என்று சொல்லவில்லை. மாவையும் மருந்தையும் என் உடம்பு கண்டுபிடித்துவிடும் என்று அத்தனை திமிர் எனக்கு.

பதினாலு பேர் சேர்ந்தோம். சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருவனும் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டாள். வெல்கோ சர்க்கரைக்குச் சாப்பிடுகிறவன். "நெருஞ்சியும் சர்க்கரையை இறக்கும்னு சொல்றாங்க. ரெண்டும் சேர்ந்து உன்னைக் கவுத்துட்டா யாரு பதில் சொல்றது? நீ கிடையாது" என்றாள்.

"முப்பது வருஷமா தூக்கறேன், என்னையே வெளிய தள்றீங்களா?" என்று வெல்கோ கத்தினான்.

"உனக்குத்தான் பெரிய வேலை. யாரு எத்தனை கிலோ தூக்கினான், யாரு வந்தான், யாரு வரலை, எல்லாம் நீதான் எழுதற. உன்னை ஏமாத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான், வெல்கோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நோட்டுப் புத்தகம் வாங்கப் போய்விட்டான்.

மாவில் கொஞ்சம் சிக்கரித் தூளைக் கலந்தாள். எவனாவது கேப்சூலைக் கடித்துப் பார்ப்பான், அப்போது அதுவும் கசக்க வேண்டும் என்று. கடித்துப் பார்த்தோம்தான். கசந்தது. எண் போட்டு டப்பாவைப் பிரித்துக் கொடுத்தது போஸ்ட் ஆபீஸ் ஸ்லாவ்கா. யாருக்கு எது என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன் மேசை இழுப்பறையில் பூட்டினாள். அக்காவுக்கே தெரியாது. "எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்" என்றாள். பாவம் ஸ்லாவ்கா, தெருவில் எங்களைக் கண்டால் ஆகாயத்தில் என்னமோ பறக்கிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டு போவாள்.

ஜனவரியில் ஆரம்பித்தோம். பிப்ரவரியில் டிரிஃபோன் கெடுத்தான்.

புனித டிரிஃபோன் நாள், திராட்சைக் கொடி வெட்டும் நாள். அந்தப் புனிதரின் பேரை வைத்திருப்பதால் அவனுக்குப் பேர் நாளும் அதுதான். பேர் நாள் கொண்டாடுகிறவன் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும், கொடுத்ததை யாரும் மறுக்கக் கூடாது. டிரிஃபோன் கூடத்துக்கு ஒரு கேன் ஒயினும் வறுத்த பன்றியும் முட்டைக்கோஸ் சுருளும் கொண்டுவந்தான். ரெண்டு கோப்பை உள்ளே போனதும் மனசு விரிந்துவிட்டது. "எனக்கு இந்த மருந்து அப்படியே ஏறுதுடா! எனக்கு மட்டும் எதுக்கு? எடுத்துக்கோங்க!" என்று எட்டாம் எண் டப்பாவை மிட்டாய்த் தட்டு மாதிரி நீட்டினான். மறுக்க முடியுமா? எடுத்தோம். அவனுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? நாங்களும் எங்கள் டப்பாவை நீட்டினோம். பதினாலு டப்பாவும் ஒயின் கோப்பைக்கு நடுவில் சுற்றிவந்தது.

மறுநாள் அக்கா எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"பேரு நாள்ல குடுத்ததை வேண்டாம்னு சொல்லலாமாக்கா?" என்றான் டிரிஃபோன்.

"ஒயின் குடு. பன்னி குடு. உன் பொண்டாட்டி பின்னின காலுறையைக்கூடக் குடு. எண் போட்ட டப்பாவை எதுக்குடா குடுத்தே, கழுதை?"

"மனசு தாங்கலைக்கா."

ஆறு வாரம் வீண். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். தேவாலயத்துக் காலண்டரைக் கொண்டுவந்து, பேர் நாள் எதுவும் விழாத பத்து வாரமாகத் தேடினாள். எங்கே கிடைக்கும்? மார்ச்சில் தோதோர் இருக்கிறான், ஈஸ்டருக்கு முந்தின பூ ஞாயிறு பக்கம் லாசர் இருக்கிறான், மே மாதம் ஜார்ஜ் நாளுக்கு எங்களில் மூன்று பேர். காலண்டரைச் சுருட்டி மேசையில் அடித்தாள். "உங்க ஊர்ல அறிவியல் நடக்கவே நடக்காதுடா!" பிறகு தானே ஒரு சட்டம் போட்டாள். யாருக்காவது பேர் நாள் என்றால் அன்றைக்குக் காலையிலேயே பதினாலு டப்பாவும் போஸ்ட் ஆபீஸுக்குப் போய்விட வேண்டும், மறுநாள்தான் திரும்பும். அன்றைக்கு ஸ்லாவ்கா ஸ்டாம்ப் விற்றாளோ இல்லையோ, எங்கள் டப்பாக்களைக் காவல் காத்தாள்.

இந்தத் தடவை ஒழுங்காக நடந்தது. எனக்கு மூன்றாம் வாரமே தெரிந்துவிட்டது, என் டப்பா நெருஞ்சிதான் என்று. தோள்பட்டையில் சூடு. பசி. காலையில் மழித்த தாடி சாயங்காலமே முள்ளாக நிற்கும். ரெண்டு பேர் தூக்கும் வெல்டிங் மெஷினைப் பட்டறைக்குள் ஒண்டியாகத் தூக்கி வைத்தேன். குறட்டைகூட வேறு மாதிரி வருகிறது என்றாள் என் பெண்டாட்டி. கூடத்தில் டிரிஃபோனைப் பார்த்து, "பாவம்டா நீ, மாவு தின்னுட்டிருக்கே" என்று தினம் சொல்வேன். பத்தாவது வாரம் நூற்றுப் பத்துக் கிலோ தலைக்கு மேல் நின்றது. பதினைந்து கிலோ கூடுதல். பதினாலு பேரில் யாரும் அவ்வளவு ஏற்றவில்லை. அலமாரிக்குத் துணியெல்லாம் வாங்கி வைத்துவிட்டேன், டப்பாவுக்கு அடியில் விரிக்க. சிவப்புத் துணி.

ஜூன் முதல் சனிக்கிழமை ஸ்லாவ்கா உறையோடு கூடத்துக்கு வந்தாள். ஊரே வந்திருந்தது. வெல்கோ எண்ணையும் கிலோவையும் படிக்க, ஸ்லாவ்கா நெருஞ்சி, பொட்டுக்கடலை என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"எட்டு. டிரிஃபோன். ஏழு கிலோ."

"நெருஞ்சி."

டிரிஃபோன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"பதினொண்ணு. மிஞ்சோ. பதினஞ்சு கிலோ" என்று வெல்கோ கம்பீரமாகப் படித்தான்.

ஸ்லாவ்கா காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்புறம் தள்ளிப் பிடித்தாள். "பொட்டுக்கடலை" என்றாள்.

அன்றைக்கு எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது. கூரைத் தகரம் அதிர்ந்தது. டிரிஃபோன் பெஞ்சிலிருந்து விழுந்தான், நிஜமாகவே விழுந்தான். கணக்குப் போட்டால் நெருஞ்சி ஆட்கள் சராசரி எட்டுக் கிலோ ஏற்றியிருந்தார்கள், மாவு ஆட்கள் ஒன்பது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். என் பக்கத்தில் வந்து, "பதினஞ்சு கிலோ பொய்யில்லடா மிஞ்சோ. நீ தூக்கினதை நானே பாத்தேன்" என்றாள்.

"அப்ப எது தூக்குச்சு? கடலையா?"

"வெல்கோவோட நோட்டைப் பாரு. போன வருஷம் மாசத்துல நாலு நாள் வந்தே. இந்தப் பத்து வாரமா ஒரு நாள் தப்பலை. மருந்து நெனப்புல சாராயத்தைக்கூடக் கொறைச்சிருக்கே. வந்ததுதான் மருந்து."

"அலமாரி?"

"கிடையாது."

அந்த நடு அலமாரியை அவள் வேறு எதற்கும் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். வெல்கோவின் நோட்டிலிருந்து வருகைத் தாளைக் கிழித்து, என் சிவப்புத் துணியின் மேல் ஒட்டி, அங்கே வைத்தாள். பலம் வர என்ன சாப்பிடலாம் என்று எவன் வந்து கேட்டாலும் அதைக் காட்டுவாள். அதில் பதினோராவது வரியில் என் பேர். ஆசைப்பட்டபடி என் பேர் கண்ணாடி அலமாரியில் கண் மட்டத்தில் எட்டு வருடம் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குள் பொட்டுக்கடலை என்று இருந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. அப்புறம் கடை ஜன்னல் கம்பி உடைந்தது, ஒட்டவைக்கப் போனேன், பேசாமல் எப்படி ஒட்டவைப்பது? அதற்கப்புறம் ஊரில் எந்த டப்பா வந்தாலும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வாள். பொடி எழுத்தை நான் படிக்க வேண்டும். "சத்தமா படி, தப்பாப் படிச்சாலும் பரவாயில்ல" என்பாள்.

கடையை விட்ட பிறகு கால் வலியில் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. போன வேனிலில் ஆளனுப்பினாள். போனேன். மேசை மேல் ஒரு டப்பா. சோஃபியாவிலிருந்து தங்கை மகள் கொண்டுவந்தது. முன்பக்கத்தில் நிலாவும் ஒரு பூனையும்.

"முதுகைப் படி."

படித்தேன். வலேரியன் வேர், இவ்வளவு மில்லிகிராம். வேறு ஒன்றும் இல்லை.

"என் இருதய மாத்திரையோட சேரலாமான்னு டாக்டரைக் கேட்டுட்டேன். சேரலாமாம். முதல் நாள் போட்டேன், மரக்கட்டை மாதிரி தூங்கினேன். அந்தத் தூக்கத்து மேல எனக்கு நம்பிக்கை இல்லைடா." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தக் கேப்சூல் பலகை இன்னும் வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். ஆணிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

"நாப்பது நாளைக்கு. இருபது இது. இருபது பொட்டுக்கடலை. ரெண்டையும் தனித்தனித் துணில முடிஞ்சு ஒரே ஜாடில ஒரு வாரம் போட்டு வை, அந்த வேரோட நாத்தம் மாவுக்கும் ஏறட்டும். இல்லைன்னா மோந்தே கண்டுபிடிச்சுடுவேன். அப்புறம் ஒண்ணொண்ணா மடிச்சு எண் போடறது ஸ்லாவ்கா வேலை. உனக்கும் தெரியக் கூடாது. உன் மூஞ்சி என் மூஞ்சியைவிட மோசம்."

என் பட்டறையில் உட்கார்ந்து தஃபினா அக்காவுக்கு நானே பொட்டுக்கடலை மாவு அடைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் அதைவிடச் சந்தோஷமாக ஒரு வேலையும் நான் செய்ததில்லை. வேலை நடுவில் தனியாகச் சிரித்தேன், பெண்டாட்டி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாற்பது நாளும் அவள் நோட்டில் எழுதினாள். எத்தனை மணிக்குக் கண் அசந்தது, எத்தனை தடவை எழுந்தாள். ஒரு நாளும் விடவில்லை. உறை ஸ்லாவ்காவின் இழுப்பறையில் இருந்தது. எல்லோரும் கூடுகிற ஒரு சனிக்கிழமை பிரிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனோம். அதற்குள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கடைசியாகப் போனபோது வறுத்த பொட்டுக்கடலை ஒரு பொட்டலம் வாங்கிப் போனேன். சிரித்தாள், இருமினாள். தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"சனிக்கிழமை கூடத்துல எல்லாரும் இருக்கும்போது ஸ்லாவ்கா உறையைப் பிரிக்கட்டும். இதை நீ படி, வெல்கோகிட்ட குடுத்துடாதே. மாவு தின்ன ராத்திரியில நான் நல்லாத் தூங்கியிருந்தேன்னா, டிரிஃபோன் சிரிச்சு பெஞ்சுலேந்து விழற வரைக்கும் அதைச் சத்தமாப் படி. என் பேரைக் காப்பாத்தறேன்னு ஒரு ராத்திரியைக்கூட மாத்திடாதே."